கதவு நிலையில் ஒரு விரல் நீளப் பெட்டி

நாங்கள் குடிபோன வீட்டில் எங்களுக்கு முன்பே ஒரு பொருள் குடியிருந்தது. வாசல் நிலையின் வலப்பக்கத்தில், அம்மாவின் தோள் உயரத்தில், சற்றுச் சரிந்தபடி பொருத்தப்பட்டிருந்த விரல் நீளப் பெட்டி அது. ஆட்கள் மாறும்போதெல்லாம் நிலைக்குப் பூசிய வெள்ளைப் பெயின்ற் அதன் மேலும் படிந்து படிந்து, மரத்தில் எழும்பிய கட்டி போல ஆகியிருந்தது. மாமா அதை இரண்டு முறை அமத்திப் பார்த்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

“உது பழைய பெல். செத்துப்போச்சு,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மெத்தையை உள்ளே இழுத்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் பாத்தர்ஸ்ற் வீதி வடக்கே ஏறிப்போகும் இடத்தில் இருந்த பழைய தொடர்மாடி. அதில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் வயதான யூதர்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனால், அல்லது பிள்ளைகளோடு போய்விட்டால், அந்த வீட்டில் எங்களைப் போல ஒரு குடும்பம் வந்து ஏறும். எங்கள் வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. அப்பா இன்னும் கொழும்பில், ஒரு லொட்ஜில், விசாவுக்காகக் காத்திருந்தார். மாமா இரவில் பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றினார். பகலில் வரவேற்பறைச் சோபாவில் நித்திரை கொண்டார். அதனால் எங்கள் வீட்டில் பகல் முழுவதும் நாங்கள் கிசுகிசுத்துத்தான் பேசினோம். எனக்கு எட்டு வயது. வீடென்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் மாடியின் நடைகூடத்துக்கு யன்னல் இல்லை. இரண்டு பக்கமும் கதவுகள், மேலே மஞ்சள் விளக்குகள், கீழே காலடிச் சத்தத்தை விழுங்கும் மண்ணிறக் கம்பளம். பகலா இரவா என்று அங்கே நின்று சொல்ல முடியாது. யாராவது நடந்து வந்தாலும் அருகில் வந்த பிறகுதான் தெரியும்.

அந்தப் பெட்டி பெல் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். பக்கத்து வீட்டுக் கிழவரின் வாசலிலும் அதே போல ஒன்று இருந்தது. பித்தளை. அவர் வெளியே போகும்போதும் வரும்போதும் அதை விரல்களால் தொட்டு, விரல்களை வாயில் வைத்து முத்தமிடுவார். நான் அம்மாவிடம் போய்ச் செய்து காட்டினேன். அம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தார். எதிர் வீட்டில் ஒன்று. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. எல்லாம் வலப்பக்கம், எல்லாம் சரிவாக.

“பாத்தியே, வாசல் காக்கிற தெய்வம். இவ்வளவு நாளும் பெயின்ற் மூடிக் கிடந்திருக்கு,” என்றார்.

அன்றைக்கே கத்தியால் பெயின்ற்றைச் சுரண்டினார். உள்ளே இருந்து கறுத்த ஈயநிறப் பெட்டியும் அதன் மேல் ஒரு எழுத்தும் வெளிவந்தன. மஞ்சள் தண்ணீரால் கழுவி, சந்தனம் தடவி, குங்குமம் வைத்தார். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அது வழக்கமாயிற்று. அதன் பெயர் மெசூசா என்பதும், உள்ளே தோலில் கையால் எழுதிய வேத வசனம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியாது.

மாமா பகிடி பண்ணினார். “என்னக்கா, யூதற்ர சாமிக்கும் வெள்ளிக்கிழமை விரதமோ?”

“அவையும் வெள்ளிக்கிழமைதானே விளக்குக் கொளுத்தினம். எதிர் வீட்டு அன்ரி கொளுத்திறதை நீ நித்திரையில கிடந்தால் எப்பிடிக் காணுவாய்?”

குங்குமம் வைத்த கிழமையில் அப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. போலீஸ்காரர்கள் லொட்ஜைச் சுற்றிவளைத்து, தமிழரென்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்களாம். தன்னை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்களாம். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு நேரே வாசலுக்குப் போய் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அதன் பிறகு அவரிடம் அதைப் பற்றிப் பகிடி பேச மாமாவுக்கும் துணிவு வரவில்லை. அப்பா வந்து சேரும்வரை அது அந்த இடத்தில் இருக்க வேண்டும். அம்மாவின் கணக்கு அவ்வளவுதான்.

பனி உருகத் தொடங்கிய நாட்களில், சந்தியில் இருந்த யூதக் கோயிலின் சுவரில் யாரோ கறுப்புப் பெயின்ற்றால் நாஸிக் குறியைக் கீறிவிட்டுப் போனார்கள். யன்னல் ஒன்றையும் உடைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் அதைப் பார்த்தேன். இரண்டு பேர் தண்ணீரைப் பாய்ச்சித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு, சாம்பலாகியது, போகவில்லை. நடைபாதையில் பக்கத்து வீட்டுக் கிழவர் தொப்பியும் கோட்டுமாக நின்றுகொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தேய்த்தவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பெட்டிகள் காணாமல் போகத் தொடங்கின.

முதலில் லிஃப்ற்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரருடையது. பெட்டி இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகளும், பெயின்ற் படாத சரிந்த கோடும் மட்டும் இருந்தன. அடுத்த நாள் அதற்கடுத்த வீடு. பிறகு ஒரு நாள் விட்டு இன்னொன்று. உடைத்துப் பிடுங்கிய அடையாளம் எங்கும் இல்லை, பொறுமையாகக் கழற்றப்பட்டிருந்தன. வரிசை குழம்பவில்லை. நடைகூடத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு, எங்கள் வீட்டை நோக்கி, ஒரு பூச்சி மரத்தைத் தின்றுகொண்டு வருவது போல அது வந்தது.

சுவரில் கீறியவர்கள் கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். கதவுகளுக்குச் சங்கிலி போட்டார்கள். லிஃப்ற்றில் பேச்சு நின்றது. எதிர் வீட்டு அன்ரி, எப்போதும் எனக்கு ஒரு இனிப்புத் தருபவர், கதவைச் சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்து என்னை ஆரென்று கேட்டார். என் பெயரைச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மாமாவைச் சோபாவிலிருந்து எழுப்பி, பகலில் எங்கே இருக்கிறீர்கள் என்று மரியாதையாகவே கேட்டார். நித்திரையாக இருக்கிறேன் என்றார் மாமா. அதற்குச் சாட்சி சொல்லக்கூடியது அந்தச் சோபா ஒன்றுதான்.

“நான்தான் கள்ளன் எண்டு பாக்கினம் அக்கா,” என்றார் மாமா, போலீஸ்காரர் போன பிறகு. “யோசிச்சுப் பார், இந்த மாடியில பகலில வீட்டில நிக்கிற இளந்தாரி நான் ஒருத்தன்தானே.”

“இளந்தாரியாம். கண்ணாடியைப் பார்,” என்றார் அம்மா. ஆனால் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. மெல்லிய கிறீச்சென்ற சத்தம். நிற்கும், பிறகு திரும்பவும் கேட்கும். யாரோ கதவுக்கு வெளியே இறுகிய திருகாணி ஒன்றை அவசரமில்லாமல் திருகிக்கொண்டிருந்தார்கள். யன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. மாமா சோபாவில் வாயைத் திறந்து நித்திரை. அம்மா குசினி வாசலில் அப்படியே நின்றார். வாயில் விரலை வைத்து எனக்குக் காட்டினார். நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவடியில் வைத்து, பார்வைத் துளையில் கண்ணை வைத்தேன்.

துளைக்குள் நடைகூடம் வளைந்து, மஞ்சளாக, மிக நீளமாகத் தெரிந்தது. எதிர் வீட்டு வாசலில் முதுகைக் காட்டியபடி ஒருவர் நின்றார். கறுப்புக் கோட்டு, தொப்பி, மினுக்கிய சப்பாத்து. பயணம் போகப் புறப்பட்டவர் போல உடுத்தியிருந்தார். பெட்டி கையில் கழன்று வந்ததும் அதை முத்தமிட்டு, ஒரு கைக்குட்டையில் சுற்றி, கோட்டின் உள்பைக்குள் வைத்தார். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல அவ்வளவு கவனம். பிறகு திரும்பினார். பக்கத்து வீட்டுக் கிழவர்.

அவர் எங்கள் கதவை நோக்கி வந்தார். துளைக்குள் முகம் பெருத்துக்கொண்டே வந்தது. மூக்கு முதலில், பிறகு கண்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது தெரிந்தவர் போல நின்றார். ஆனால் அவர் பார்த்தது என்னை அல்ல. எங்கள் பெட்டியை. அன்று காலையில் அம்மா வைத்த குங்குமத்தில் தண்ணீர் கூடிப்போய், அது நிலையில் கீழ்நோக்கி ஒழுகிக் காய்ந்திருந்தது. வெள்ளை மரத்தில் சிவப்பு. கிழவர் ஸ்க்ரூட்ரைவரைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. மற்றக் கையால் அந்தச் சிவப்பைத் தொட்டு, விரலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. பிறகு ஓர் அடி பின்னால் வைத்தார்.

“ஆர்?” என்றார் அம்மா என் காதுக்குள்.

“பக்கத்து வீட்டுத் தாத்தா.”

அம்மா சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தார். கிழவர் ஓடவில்லை; திடுக்கிடவும் இல்லை. எங்களுக்குத் தெரியாத ஒரு மொழியில் ஏதோ சொன்னார். பிறகு குனிந்து, கதவு இடைவெளியில் என் முகத்துக்கு நேராக, ஆங்கிலத்தில், மிக மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் வீட்டைக் கடந்து தன் வீட்டுக்குள் போனார். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

“என்னவாம்?”

“இந்த வீட்டைக் கடந்து போயிடுவினமாம். உள்ளுக்கையே இருக்கட்டாம். விடியும்வரைக்கும் ஒருத்தரும் வெளியில வரக்கூடாதாம்.”

வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் இதற்குச் சிரித்திருப்பார். பின்னேர வெயில் எறித்துக்கொண்டிருந்த வீட்டில் நின்று எங்கள் அம்மா அதைக் கேட்டார். விடியும்வரைக்கும் வெளியில் வரக்கூடாது என்பது அவருக்கு விளக்கம் தேவைப்படாத வசனம். ஊரடங்கு. கதவைப் பூட்டினார், கதிரை ஒன்றை அதற்கு முட்டுக் கொடுத்தார், திரைச்சீலைகளை இழுத்தார், அடுப்பை நிற்பாட்டினார். வாளியிலும் பெரிய சட்டிகளிலும் தண்ணீர் பிடித்து வைத்தார். என்னை யன்னல் இல்லாத பக்கச் சுவரோடு இருத்தினார். எல்லாவற்றையும் சத்தமில்லாமல், வரிசையாக, முன்பு பல தடவை செய்த வேலையைச் செய்வது போலச் செய்தார்.

வேலைக்குப் போக எழும்பிய மாமா இருட்டுக்குள் வாளியில் கால் இடறினார்.

“என்னக்கா இது? கரண்ட் போச்சுதே?”

அம்மா நடந்ததைச் சொன்னார். மாமா தலையில் கைவைத்தார். “அப்ப அந்தக் கிழவர்தான் கள்ளன்! அந்தாளுக்கு மண்டை பிசகு. அவர் சொன்னவர் எண்டு நீ ஊரடங்குச் சட்டம் போடுறாய். அக்கா, இது கனடா!”

“அந்தாள் முழிச்ச முழியை நீ காணேல்லை. அது விசர் பிடிச்ச முழி இல்லை. எல்லாம் கண்டவன்ர முழி.”

“கீழ வேலைக்கு ஏத்திற வான் வந்திட்டுது. ஹோர்ன் அடிக்கிறான்.”

“அடிக்கட்டும்.”

“சம்பளம் வெட்டுவான்.”

“நீ கதவைத் திறந்தியோ, நான் இந்த வீட்டில ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டன்.”

வான் பல தடவை ஹோர்ன் அடித்தது. பிறகு போய்விட்டது. மாமா தொலைபேசியில் வயிற்றுக்குத்து என்று பொய் சொன்னார். பொய் சொல்லும்போது உண்மையாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் மூன்று பேரும் சுவரோடு இருந்தோம். மின்விளக்குப் போடவில்லை. கதவின் அடியால் நடைகூடத்து மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்தது. யாராவது போனால் அந்தக் கோடு அறுந்து பிறகு ஒட்டும். ஒரு முறை அறுந்தது. நெடுநேரம் ஒட்டவில்லை. அம்மாவின் கை என் வாயை மூடியது. பிறகு கோடு திரும்ப வந்தது. யார் நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விடிந்ததும், மாமா கட்டடம் பார்க்கும் சூப்பரின்ரென்டனிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்று சேர்ட்டைப் போட்டார். பழி நீங்க வேண்டும் அவருக்கு. அதில் பிழையில்லை. அம்மா விடவில்லை.

“ஒரு கிழட்டு மனிசனைப் போய்க் காட்டிக்குடுக்கப்போறியே? அவருக்கு மகள் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை வருவா. அவவிட்டைச் சொல்லுவம்.”

“அதுவரைக்கும் நான் கள்ளன்.”

“ரெண்டு நாள் கள்ளனாய் இரு. குறைஞ்சுபோகமாட்டாய்.”

மகள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், குட்டை மயிர், கையில் பாண் பை. அம்மா தமிழில் சொல்ல, நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பாண் பையை எங்கள் மேசையில் வைத்துவிட்டுத் தகப்பன் வீட்டுக்குள் போனார். நாங்கள் வாசலில் நின்றோம். கட்டிலுக்குக் கீழே ஒரு சின்னப் பயணப்பெட்டி. அதற்குள் மாடி முழுவதன் பெட்டிகளும் கைக்குட்டைகளிலும் காலுறைகளிலும் சுற்றி அடுக்கியிருந்தன. கிழவரின் பித்தளைப் பெட்டியும் அதற்குள்தான். முதலில் தன்னுடையதைக் கழற்றிவிட்டுத்தான் மற்றவர்களுடையதற்குப் போயிருக்கிறார்; பக்கத்து வாசலை நாங்கள் கவனிக்கவேயில்லை. கிழவர் தொப்பியோடு நாற்காலியில் இருந்தார். மகளிடம் ஏதோ சொன்னார். கோபமாக அல்ல, ஒரு சின்னப்பிள்ளைக்குப் பொறுமையாக விளக்குவது போல.

மகள் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று சொன்னார். தகப்பன் போலந்தில் சிறுவனாக இருந்தபோது, வந்த நாஸிகள் கதவு நிலையைப் பார்த்துத்தான் எது யூதர் வீடு என்று தெரிந்துகொண்டார்களாம். அவர் இப்போது எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாராம். கோயில் சுவரில் அந்தக் குறியைக் கண்ட நாளிலிருந்து, இரண்டு காலமும் அவர் தலைக்குள் ஒன்றாகிவிட்டன.

அப்போதுதான் மகள் எங்கள் கதவு நிலையைப் பார்த்தார். சிவப்பைத் தொடவில்லை.

“இது என்ன?”

குங்குமம் என்றேன். சாமிக்கு வைப்பது என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கி, இடையில் நிறுத்திவிட்டார். அடுத்த கிழமை தங்கள் பெருநாள் என்றார். எகிப்தில் அடிமைகளாக இருந்த காலத்தில், ஓர் இரவு மரணம் வீடு வீடாகப் போனதாம். ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைக் கதவு நிலையில் பூசிய வீடுகளை மட்டும் அது கடந்து போனதாம். விடியும்வரை ஒருவரும் வெளியே வரக்கூடாது என்று கட்டளையாம். அந்த இரவின் நினைவுதான் அந்தப் பெருநாள். ஒவ்வொரு வருடமும் மேசையில் இருந்து அந்தக் கதையை வாசிப்பவர் தன் தகப்பன்தான் என்றார்.

நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை அம்மா நிலையிலிருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முறைப்படி யூதர் அல்லாதவர் வீட்டில் இது இருக்கக்கூடாது என்றும் மகள் சொன்னார். எப்போதோ எடுத்திருக்க வேண்டியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், சொல்ல அவருக்கும் விருப்பமில்லை.

“இவற்ர அப்பா கொழும்பில நிக்கிறார் எண்டு சொல்லு,” என்றார் அம்மா என்னிடம். பதற்றத்தில் என்னை ‘இவர்’ ஆக்கிவிட்டார். “வந்து சேரும்வரைக்கும் இருக்கட்டும் எண்டு கேள். வந்த அண்டைக்கே நானே கொண்டுவந்து தருவன் எண்டு சொல்லு.”

சொன்னேன். மகள் தகப்பன் வீட்டின் சாத்திய கதவைப் பார்த்தார். எங்கள் நிலையைப் பார்த்தார்.

“அப்பா விட்டுவிட்டுப் போனதை நான் எடுக்கமாட்டேன்,” என்றார்.

அன்று பின்னேரம் அவர் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு கதவு கதவாகப் போனார். நானும் அம்மாவும் கூடப் போனோம். மாமா கள்ளன் இல்லை என்பதை எல்லோரும் அறிய வேண்டும் என்று அம்மா விரும்பினார். ஒவ்வொருவரும் தங்களுடையதைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். ஒருவருடையது வெள்ளி. ஒருவருடையது பேரப்பிள்ளை களிமண்ணில் செய்தது. கிழவர் மேல் ஒருவருக்கும் கோபம் இல்லை. லிஃப்ற்றடியில் இருந்தவர் அழுதார். எல்லோரும் உடனே சுத்தியலோடு வெளியே வருவார்கள், நடைகூடம் முழுக்க ஆணி அடிக்கும் சத்தம் கேட்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. ஓரிருவர் திரும்ப அடித்தார்கள். மற்றவர்கள் அதைக் கையில் பிடித்தபடி, நடைகூடத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு உள்ளே இருக்கட்டும் என்று கதவைச் சாத்தினார்கள்.

“இப்ப இந்த மாடியில யூதற்ர வீடு எண்டு தூரத்திலயே தெரியிறது எங்கட வீடுதான்,” என்றார் மாமா அன்று இரவுச் சாப்பாட்டில்.

“தெரியட்டும்,” என்றார் அம்மா.

மகள் கிழவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் லிஃப்ற்றுக்குள் ஏறும்போது, துளைகள் மட்டும் மிஞ்சிய கதவுகளைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறது என்பது போல.

அடுத்த நாள் எதிர் வீட்டு அன்ரி எங்கள் கதவைத் தட்டி, ஒரு கை உதவி கேட்டார். குள்ளமான அவர் கதிரையில் ஏற, அம்மா கதிரையைப் பிடித்தார். நான் ஆணிகளை ஏந்தினேன். அன்ரி பெட்டியை வாசல் நிலையின் உள்பக்கத்தில், கதவு சாத்தினால் வெளியே தெரியாத இடத்தில் வைத்து, அளந்து, சரித்து, பொருத்தினார். தொட்டு முத்தமிட்டார். வாசல் காக்கிற தெய்வம் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று வீட்டில் எத்தனையோ தடவை சொன்ன அம்மா, கதிரையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொழும்பில் நாங்கள் இருந்த மாதங்களில், லொட்ஜ் படியிறங்குவதற்கு முன் அம்மா முந்தானையை எச்சிலில் நனைத்து நெற்றிப் பொட்டைத் துடைத்துவிடுவார். அறைக்குத் திரும்பியதும் கண்ணாடி முன் நின்று திரும்ப வைப்பார். அதை நான் தினமும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியில் வெயில் அதிகம், வியர்வையில் பொட்டுக் கரைந்துவிடும், அதனால்தான் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லி வைத்திருந்தேன்.

எதிர் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. நடைகூடத்தில் நின்று, கிசுகிசுக்காமல், உரக்கக் கேட்டேன்.

“அந்தத் தாத்தாவைத்தான் கூட்டிக்கொண்டு போயிட்டினமே அம்மா. இனி அன்ரிக்கு ஆரிட்டைப் பயம்?”